கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி: பெயர் எப்படி வந்தது?

பழைய வண்ணை | ஞாயிறு, இரவு 9.40

வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் ஆயா கடைசிவரை ‘ஸ்டான்லி’ என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது கஞ்சித் தொட்டிதான். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போவதும் கஞ்சித் தொட்டிக்கு, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போவதும் கஞ்சித் தொட்டிக்கு. சித்தப்பா சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டு வந்த நாளில், ‘கடைசியில் கஞ்சித் தொட்டி வாசலில்தான் உட்காரப் போகிறாய்’ என்று அதையே வசவாகவும் எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் ஏதோ ஒரு பெரிய தொட்டி இருக்கிறது, அதில் கஞ்சி நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு பையனுக்குத் துணையாக அங்கே மூன்று நாள் கிடக்க நேர்ந்தது. சும்மா இருந்த நேரத்தில் தொட்டியைத் தேடினேன். குடிநீர்த் தொட்டிதான் அகப்பட்டது.

பெயர்க் காரணம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சுவடி எலி | ஞாயிறு, இரவு 10.25

உங்கள் ஆயா சொன்னதுதான் மூத்த பெயர். ஸ்டான்லி நேற்று வந்தவர்.

1780இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. சுற்றுவட்டார ஊர்கள் அழிந்தன, விளைச்சல் போயிற்று, பிழைத்தவர்கள் சென்னப்பட்டணத்தை நோக்கி ஓடிவந்தார்கள். அடுத்து வந்தது பஞ்சம். கறுப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதிலுக்கு வெளியே, ஊர் மணியக்காரர் ஒருவரின் பொறுப்பில் 1782இல் ஒரு சத்திரம் எழுந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சி ஊற்றிய இடம் கஞ்சித் தொட்டி ஆயிற்று. அந்த மதிலின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாடிப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். பழைய சிறைச்சாலைச் சாலையில்தான் இருக்கிறது.

பசியோடு வந்தவர்களில் பாதிப் பேர் நோயோடும் வந்திருப்பார்கள் அல்லவா? 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சத்திரத்தோடு சேர்த்து ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்றைய மருத்துவமனையின் வேர் அதுதான். 1933இல் மருத்துவப் பள்ளி, 1938இல் மருத்துவக் கல்லூரி. ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். ஐந்தாண்டு இருந்துவிட்டுப் போனவரின் பெயர் பலகையில் நிற்கிறது. கஞ்சி ஊற்றிய மணியக்காரரின் பெயரை யாரும் கேட்பதுகூட இல்லை.

வெள்ளைக்காரர்கள் வாயில் மணியக்காரர் ‘மோனிகர்’ ஆகிவிட்டார். மோனிகர் என்று ஒரு துரை இருந்தார், அவர் கட்டிய சத்திரம் என்று மேடையிலேயே ஒருவர் பேசிக் கேட்டிருக்கிறேன்! அந்தச் சத்திரம் ஆதரவற்ற முதியோருக்கான இல்லமாக நம் காலம்வரை நீடித்து வந்திருக்கிறது. உங்கள் ஆயாவின் வசவில் வரலாறு சரியாகவே இருக்கிறது.

வைகைக் கரையான் | ஞாயிறு, இரவு 10.51

ஸ்டான்லிக்கு அடுத்து வந்த கவர்னர் எர்ஸ்கின். அவர் பெயரைத்தான் எங்கள் மதுரை ஆஸ்பத்திரிக்கு வைத்தார்கள். பிறகு அது ராஜாஜி மருத்துவமனை ஆயிற்று. எந்தப் பெயர் வந்தாலும் போனாலும் கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோக்காரர் கூவுவது ‘பெரியாஸ்பத்திரி’ என்றுதான். திருநெல்வேலிக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஹைகிரவுண்டு. பலகையை அரசாங்கம் எழுதலாம், பெயரை ஊர்தான் வைக்கும்.

ராயபுரம் ரயிலடி | திங்கள், காலை 6.15

சுவடி எலி, லையிங்-இன் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டீர்களே. ஆர்.எஸ்.ஆர்.எம். என்று இன்று சொல்கிற பிரசவ ஆஸ்பத்திரியும் ஸ்டான்லியோடு சேர்ந்ததுதான். சவலை ராமசாமி முதலியார் கொடுத்த கொடையில் 1880இல் தொடங்கியது. சென்ட்ரல் எதிரே பயணிகளுக்குச் சத்திரம் கட்டினாரே, அதே முதலியார்.

எங்கள் வீட்டில் அம்மா, நான், என் மகள் மூன்று பேரும் அங்கே பிறந்தவர்கள். ராயபுரத்தில் ‘நீ எங்கே பிறந்தாய்’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எந்த வார்டு’ என்றுதான் கேட்பார்கள். பிரசவ அறை வாசலில் பிளாஸ்க்கும் கையுமாக நிற்கும் கிழவிகளின் கூட்டத்தைப் பாருங்கள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். விடிவதற்குள் யார் மருமகளுக்கு எத்தனை மணிக்கு வலி எடுத்தது என்பது எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். கதவு திறந்து ஆயா ஒரு பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் சேர்ந்து எழுந்திருப்பார்கள்.

(வடசென்னையில் பாட்டிக்கும் ஆயா, வார்டில் துடைத்துப் பெருக்குகிறவருக்கும் ஆயா. எங்கள் பாட்டி அங்கேயே வார்டு ஆயாவாக இருந்தார். சிறுவயதில் எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.)

ஓஎம்ஆர் வாசி | திங்கள், காலை 9.02

எல்லோரும் பழம்பெருமை பேசுகிறீர்கள். ஒரு கேள்வி: இங்கே எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புவீர்கள்?

நான் திருப்பினேன். சென்னை இல்லை, வேறு மாவட்டம், பெயர் வேண்டாம். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் லிஃப்ட் வாசலில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். நூறு ரூபாய் கொடுத்தேன், லிஃப்ட் வந்தது. மேலே போனதும் இன்னொருவர் தலையைச் சொறிந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, ‘கொடுத்துவிடு, கொடுத்துவிடு’ என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அவர் பிழைத்தார், மருத்துவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் மறுபடி போக மாட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலி | திங்கள், மதியம் 2.30

தம்பி, உங்கள் அப்பா சொன்ன ‘கொடுத்துவிடு’ என்ற சொல்லை நான் முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. அந்தப் பணம் வாங்குவது தவறு. வயிற்றுப்பாடு, குறைந்த சம்பளம் என்று எதைச் சொன்னாலும், படுத்துக் கிடப்பவரிடம் கை நீட்டுவது தவறு. நான் இருந்த வார்டில் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். ஒரு வாரம் வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள், திரும்பி வந்துவிட்டார். எனக்கு ‘போலீஸ் சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் நீங்கள் பார்க்காதது ஒன்றும் உண்டு. இரவுப் பணியில் நாங்கள் இரண்டு பேர், வார்டில் அறுபதுக்கு மேல் நோயாளிகள். கட்டில் நிரம்பினால் தரையில் பாய். தனியார் ஆஸ்பத்திரியில் ‘படுக்கை காலி இல்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். எங்களுக்கு அந்த வாக்கியமே கிடையாது. பணம் தீர்ந்ததும் ஆம்புலன்ஸ் வைத்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள், கூடவே தடிமனாக ஒரு ஃபைல். அதைத் திறந்தால் எடுத்த ஸ்கேன் எல்லாம் இருக்கும், நோயாளிக்கு மூச்சு மட்டும் கொஞ்சம்தான் இருக்கும். அவர் எங்கள் வார்டில் இறந்தால் கணக்கு எங்கள் பெயரில் ஏறும். மறுநாள் பேப்பரில், அரசு ஆஸ்பத்திரியில் மரணம்.

மருந்து விஷயத்தில் என் காலத்திலேயே மாற்றத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் ‘வெளியே வாங்கி வாருங்கள்’ என்று சீட்டு எழுதிக்கொடுக்கும்போது முகத்தை நிமிர்த்தவே முடியாது. மருத்துவப் பணிகள் கழகம் 1995இல் வேலையைத் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து கிடங்குகளிலிருந்து அனுப்ப ஆரம்பித்த பிறகு அந்தச் சீட்டு மிகவும் குறைந்தது. ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த மாத்திரை அட்டையை மற்ற மாநிலங்களிலிருந்து வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். நம் ஆட்கள் மட்டும் ‘தர்மாஸ்பத்திரி மாத்திரை, வேலை செய்யாது’ என்று தெருமுனையில் எறிந்துவிட்டுப் போவார்கள்.

ஓஎம்ஆர் வாசி | திங்கள், மாலை 4.11

அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. கதவைச் சாத்த முடியாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது நிர்வாகத்தின் தோல்வியாகத் தெரிகிறது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஏன் எல்லோரும் ஸ்டான்லிக்கும் ஜி.எச்.சுக்கும் வர வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையம் எதற்கு இருக்கிறது?

ஓய்வுபெற்ற செவிலி | திங்கள், மாலை 5.05

அதில் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். மக்களிடம் சொல்லிப் பார்த்தோம். ‘வந்தது வந்துவிட்டேன், பெரிய டாக்டரையே பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்பார்கள்.

ராயபுரம் ரயிலடி | திங்கள், மாலை 5.40

வந்த எல்லோரையும் பார்க்கிற பழக்கம் அங்கே படித்தவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று ஊரே சொன்ன திருவேங்கடம் ஸ்டான்லியில் படித்தவர். 1973இல் இரண்டு ரூபாய்க்குப் பார்க்க ஆரம்பித்தவர், பிறகுதான் அது ஐந்து ஆயிற்று. 2020இல் இறந்துபோனார். அந்தக் கோடையில் எங்கள் ராயபுரம் மண்டலம்தான் சென்னையின் கொரோனாப் பட்டியலில் தினமும் மேலே நின்றது, நினைவிருக்கிறதா? ராயபுரம் என்று சொன்னாலே மற்ற இடங்களில் ஒதுங்கி நின்றார்கள். ஸ்டான்லி ஒதுங்கவில்லை.

சுவடி எலி | திங்கள், இரவு 8.20

தொடங்கியவர் எங்கே? ‘ஒரு பையனுக்குத் துணையாக’ என்று எழுதிவிட்டுக் காணாமல் போய்விட்டாரே.

பழைய வண்ணை | திங்கள், இரவு 11.30

இங்கேதான் இருக்கிறேன், பட்டறையில் மாதக் கணக்கு முடிக்கிற நேரம். முழுக்கதையையும் எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். உரிமையாளரையும் என்னையும் தவிர்த்து ஏழு பேர் வேலை செய்கிறார்கள். தகட்டில் வாஷர் வெட்டி எடுக்கும் பவர் பிரஸ் இரண்டு ஓடுகின்றன. பீகாரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் டையில் (வெட்டும் அச்சில்) சிக்கிய துண்டைத் தட்டிவிடப் போனபோது பிரஸ் இறங்கிவிட்டது. வலது ஆள்காட்டி விரலின் நுனி சாய்வாகப் போய்விட்டது. கத்தவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

உரிமையாளர் பக்கத்திலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். போலீஸ், கேஸ் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அங்கே, எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்துத் தோலை இழுத்துத் தைத்துவிடலாம், விரல் சற்றுக் குட்டையாகும், அவ்வளவுதான் என்றார்கள். ஒரு தொகையும் சொன்னார்கள். உரிமையாளர் தொகையை யோசித்துக்கொண்டிருந்தார், நான் விரலை யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் வாசலில் நின்று பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: ‘கை விஷயமென்றால் கஞ்சித் தொட்டிதான். வேறு எங்கேயும் தைக்க விடாதீர்கள்.’ ஆயா போன பிறகு அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். இந்த இழையைத் தொடங்கியதே அதனால்தான்.

கேஷுவாலிட்டியில் சீட்டுப் போட்டு, எப்படி நடந்தது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். ‘கதவில் நசுங்கியது’ என்று சொல்லச் சொல்லி உரிமையாளர் எனக்குக் கண் காட்டினார். பிரஸ் என்று சொன்னேன். கைக்கென்று தனி வார்டு. ஒரு பெண் டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, இந்தியில் பையனிடம் ஏதோ கேட்டார், அவன் முதல்முறையாக அழுதான். எலும்பைக் குறைக்கவில்லை. விரலின் பக்கவாட்டிலிருந்து தோலை முக்கோணமாகப் பிரித்து, முன்னால் நகர்த்தி நுனியை மூடிவிட்டார்கள்.

அந்த வார்டைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். சுற்றிலும் கட்டுப் போட்டுத் தூக்கி வைத்த கைகள். ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டுக்கொண்டே போனால் வடசென்னையில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். காசிமேட்டில் விசைப்படகு வின்ச்சில் கயிறோடு கை போனவர். மர அறுவை மிஷின்காரர். கரும்புச் சாறு பிழிகிற வண்டிக்காரர். பைக்கில் போகும்போது மாஞ்சா நூலைக் கையால் தடுத்த கல்லூரிப் பையன். புடவை முந்தானையோடு கிரைண்டரில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மா.

எங்கள் பையனுக்கு இங்கே யாரும் இல்லை. துணைக்கு இருக்கும் பாஸ் என் பெயரில். காலையில் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பாலும் ரொட்டியும் அவனுக்குப் போதவில்லை. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி ஆறு வாங்கிவந்தேன். நடந்து வரும்போதுதான் உறைத்தது: கஞ்சித் தொட்டியில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருகிறேன்! இரண்டாம் நாளிலிருந்து நான் வாங்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் வின்ச்காரரின் அம்மா காசிமேட்டிலிருந்து தூக்குவாளியில் சோறும் வஞ்சிரக் குழம்பும் கொண்டுவந்து, தன் மகனுக்கு ஒரு கவளம், இவனுக்கு ஒரு கவளம் என்று ஊட்டினார். இவனுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இந்தி தெரியாது. முள்ளை எடுத்துவிட்டுத்தான் ஊட்டினார்.

பச்சை மை | செவ்வாய், காலை 7.10

நான் ஸ்டான்லியில் படித்தவன், இப்போது வேறு ஊரில் மருத்துவன். அந்தப் பையனுக்குச் செய்தது என்னவென்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முக்கோணத்துக்கு ஓர் ஊர் உண்டு.

விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் மூடுவதற்குத் தோல் போதாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம், ஆனால் அதில் தொடு உணர்ச்சி சரியாக வராது. எலும்பைக் குறைத்துத் தைக்கலாம், விரல் குட்டையாகிவிடும். ஸ்டான்லியில் கை அறுவைத் துறையை வளர்த்த ஆர். வெங்கடசாமி, விரலின் பக்கவாட்டுத் தோலை அதன் நரம்போடும் ரத்தக் குழாயோடும் முக்கோணமாகப் பிரித்து முன்னால் நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். நரம்பு கூடவே வருவதால் நுனியில் உணர்ச்சி இருக்கும். அவரும் சுப்பிரமணியனும் சேர்ந்து 1980இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் அதை எழுதினார்கள். இன்று உலகத்தில் எங்கே கை அறுவைப் பாடம் நடந்தாலும் ‘வெங்கடசாமி ஃபிளாப்’ என்ற பெயர் வந்தே தீரும்.

இதைக் கண்டுபிடிக்க ஏன் பணக்கார ஊர் ஒன்றால் முடியவில்லை? அந்த அளவுக்கு விரல்கள் அங்கே போகவில்லை. தங்கசாலையிலிருந்து எண்ணூர் வரை பட்டறைகளும் துறைமுகமும் கொண்டுவந்து போட்ட கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தத் துறை வளர்ந்தது. எங்கள் ஆசிரியர் ஒருவர் அறுவைக்கு முன் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன வேலை செய்கிறாய்’ என்பதுதான். பூக் கட்டுகிறவருக்கு வேண்டிய விரல் வேறு, மூட்டை தூக்குகிறவருக்கு வேண்டிய விரல் வேறு. தமிழக அரசு மருத்துவமனைகளில் முதன்முதலாகக் கல்லீரல் மாற்று செய்ததும் ஸ்டான்லிதான், பேப்பரில் பெரிதாக வந்தது. எனக்கென்னவோ அதைவிட இந்த விரல்தான் பெரிது.

இழையைப் படிக்கும் எல்லோருக்கும் ஒன்று: விரல் முழுதாகத் துண்டானால் அதை ஐஸில் நேரடியாகப் போடாதீர்கள், கெட்டுவிடும். சுத்தமான துணியை சலைனில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். பாலித்தீன் பைக்குள் வைத்து இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். கையே மணிக்கட்டுக்கு மேலே துண்டாகியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். பால் டம்ளரில் போட்டுக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

கறுப்புக் கோட்டு | செவ்வாய், காலை 10.45

பழைய வண்ணை, பதிவேட்டில் பிரஸ் என்று சொன்னீர்களே, அதற்காக உங்களுக்கு ஒரு காபி. கதவு என்று எழுதியிருந்தால் அந்தப் பையனுக்கு ஒரு காசு கிடைத்திருக்காது.

பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வராது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வரும் (1923ஆம் ஆண்டின் சட்டம், 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது). அதன் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று ஒரு விழுக்காடு போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, அதில் ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5. சம்பளத்தையும் வயதையும் வைத்துத் தொகை கணக்கிடுவார்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், பிறகு ஊனச் சான்று, மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மூன்றும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே கிடைக்கும்.

அந்த நர்சிங் ஹோமில் சொன்னபடி எலும்பை வெட்டியிருந்தால் விழுக்காடு ஏறியிருக்கும், இழப்பீடு கூடியிருக்கும். உங்கள் உரிமையாளரிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்டான்லி அவருக்கும் பணம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஓஎம்ஆர் வாசி | செவ்வாய், பிற்பகல் 3.20

முழுவதையும் படித்தேன். கை போனால் கஞ்சித் தொட்டி, ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் நெஞ்சு வலிக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரஸ்ஸைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி அமைக்கலாமே? எங்கள் நிறுவனம் ஆலைகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறது. கை உள்ளே இருக்கும்போது இறங்கவே இறங்காது. அது இருந்திருந்தால் இந்த வார்டுக் கதையே இல்லை.

ராயபுரம் ரயிலடி | செவ்வாய், மாலை 6.00

அந்த வார்டு இல்லாமல் போவதுதானே எல்லோருக்கும் வேண்டும்! ஆனால் உங்கள் பெட்டி கொருக்குப்பேட்டைக்கு வந்துசேரும்வரை அந்த வார்டும் இருக்கட்டும்.

பழைய வண்ணை | ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 8.15

இழையை மேலே தள்ளுவதற்கு மன்னிக்கவும், சிலர் கேட்டிருந்தீர்கள்.

தையல் பிரித்தாயிற்று. கட்டு இல்லை. நகம் பாதிதான் வளரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஓ.பி.யில் டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, அதன் முனைகளால் விரல் நுனியைத் தொட்டார். ‘ஒன்றா, இரண்டா?’ போன தடவை எல்லாவற்றுக்கும் ஒன்று, ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று சற்று யோசித்துவிட்டு, தமிழிலேயே ‘ரெண்டு’ என்றான். கற்றுக்கொடுத்தது காசிமேட்டு அம்மாவாக இருக்க வேண்டும். எதிர்ப்படுகிற எல்லா ஓ.பி. நாளிலும் அவர் தூக்குவாளியோடுதான் வருகிறார்.

கறுப்புக் கோட்டு, காகிதங்கள் மூன்றில் இரண்டு கையில் இருக்கின்றன. உரிமையாளர் சம்பளத்தை நிறுத்தவில்லை. இழப்பீட்டுக் கணக்கை நானே போட்டு அவர் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பாதியைக் கொடுத்தார். மீதிக்கு நீங்கள் சொன்ன வழிதான் என்று நினைக்கிறேன்.

ஓஎம்ஆர் வாசி, உங்கள் இரண்டு பொத்தான் பெட்டியின் விலையை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பட்டறையில் இரண்டு பிரஸ் இருக்கின்றன. ஒன்றுக்காவது போட வைக்கிறேன், எது என்பதை அந்தப் பையனே காட்டட்டும்.